ஈயம் காய்ச்சி ஊற்றச் சொன்ன காதுகளுக்கு டைட்டானியம் எப்போது?



பள்ளி இடைநிற்றல் பற்றிக் கணக்கெடுக்க பாகூர் கொம்யூனில் ஒரு காலனிக்குப் போயிருந்தோம். ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் சொன்னார்: "அதுக்குக் கேக்காது தம்பி. சின்னதுலேர்ந்து காதுல சீ வடியும். கிட்டப் போயி தொட்டுக் கூப்புடுங்க."

பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண். நான்கு வயதிலிருந்து இரண்டு காதுகளிலும் சீழ். வலது காதில் இரண்டரை ஆண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. எந்த மருத்துவமனை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பிரச்சினை ஒரு மருத்துவமனையோடு முடிவதல்ல. அவளுடைய அம்மா சீட்டுகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். அறுவைக்கு முன் எடுத்த ஆடியோகிராமில் வலது காதின் இழப்பு 55 டெசிபல், இடது காதில் 40. அறுவைக்குப் பின் எடுத்ததிலும் வலது காது அதே 55.

"சீ வடியிறது நின்னுபோச்சி தம்பி, அதுவே பெருசு" என்றார் அந்த அக்கா. "உள்ள எலும்பு அரிச்சிப் போயிருக்காம். செயற்கை எலும்பு வைக்கணுமாம். அது ரெண்டாவது ஆபரேசன்ல பாத்துக்கலாம், வெளிய வாங்கிட்டு வரணும்னு சொன்னாங்க. வெலயக் கேட்டா என் ரெண்டு மாசச் சம்பளம் முழுசாப் போவும். அப்பறம் எங்க போறது?"

அந்த "அப்பறம்" பற்றித்தான் எழுதுகிறோம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் காலனிகளில் நாங்கள் பார்த்த காதுப் பிள்ளைகள் பலரும் இந்த "அப்பறம்" என்ற இடத்தில்தான் நிற்கிறார்கள்.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்

மருத்துவம் பேசினால் நம் தோழர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். பள்ளியில் படித்ததுதான். நடுக்காதில் மூன்று சின்ன எலும்புகள் இருக்கின்றன: சுத்தி, பட்டடை, அங்கவடி. உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அங்கவடி. அதன் உயரம் மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான். வெளியே இருந்து வரும் ஒலி செவிப்பறையை அதிர வைக்கிறது. அந்த அதிர்வை இந்த மூன்று எலும்புகளும் கைமாற்றிக் கைமாற்றி உள்காதில் இருக்கும் திரவத்துக்குக் கொண்டு போகின்றன. செவிப்பறையின் பரப்பு அங்கவடியின் அடித்தட்டைப் போல ஏறத்தாழ 17 மடங்கு. எலும்புகளின் நெம்புகோல் விசையும் சேர்ந்து, ஒலியின் அழுத்தம் சுமார் 22 மடங்காகப் பெருகுகிறது. இந்தப் பெருக்கம் இல்லாவிட்டால் காற்றில் வரும் ஒலியில் பெரும்பகுதி உள்காதின் திரவத்தில் மோதித் திரும்பிவிடும்.

செவிப்பறை என்ற சொல்லையும் ஒரு நிமிடம் கவனியுங்கள். பறை என்ற சொல்லை நம்மை இழிவுபடுத்த வைத்துக்கொண்டிருக்கும் இந்தச் சமூகம், ஆளுக்கு இரண்டு பறைகளைத் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் உலகத்தையே கேட்கிறது.

நாட்பட்ட சீழ் என்ன செய்கிறது? முதலில் செவிப்பறையில் ஓட்டை போடுகிறது. பல ஆண்டுகள் அப்படியே விட்டால் எலும்புகளை அரிக்கிறது. பெரும்பாலும் முதலில் அரிபடுவது பட்டடையின் நீண்ட காம்பு. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்த மாதிரி. செவிப்பறை அதிர்ந்தாலும் அந்த அதிர்வு உள்ளே போகாது. உள்காது நன்றாக இருக்கும், நரம்பு நன்றாக இருக்கும், மூளையும் நன்றாக இருக்கும். நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி. அவ்வளவுதான்.

அந்த இடைவெளியை நிரப்பும் வேலையை மருத்துவம் எழுபது ஆண்டுகளாகச் செய்துவருகிறது. 1950களில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், ஸோல்னர் ஆகிய இரு மருத்துவர்கள் செவிப்பறையையும் எலும்புச் சங்கிலியையும் திருப்பிக் கட்டும் அறுவைக்கு வழி வகுத்தார்கள். 1956இல் அமெரிக்காவில் ஜான் ஷே, வேறொரு நோயால் இறுகிப்போன அங்கவடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெஃப்லானால் செய்த அங்கவடியை வைத்தார். அதன் பிறகு பலவகைப் பிளாஸ்டிக், எலும்பின் கனிமமான ஹைட்ராக்ஸி அபடைட், 1990களிலிருந்து டைட்டானியம் என்று பொருட்கள் மாறிவந்திருக்கின்றன. அங்கவடி மிச்சமிருந்தால் அதன் தலையில் பொருத்தும் குட்டையான எலும்புக்கு 'போர்ப்' என்று பெயர். அடித்தட்டு மட்டும் மிச்சமிருந்தால் அதன்மேல் நிற்கும் நீளமான எலும்பு 'டார்ப்'. செவிப்பறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடாமல் இருக்க, காது மடலிலிருந்து எடுத்த குருத்தெலும்புத் துண்டை நடுவில் வைப்பார்கள்.

நரம்பு கெட்டுப்போன காதுக்கு இது உதவாது. நரம்பு நன்றாக இருந்து எலும்பு மட்டும் அறுந்த காதுக்கு உதவும். அந்தப் பிள்ளையின் காது இரண்டாவது வகை. சரிசெய்யக்கூடிய காது. நாம் கோபப்படுவது இதனால்தான்.

நான்கு இடங்களில் தவறவிடப்பட்ட காது

ஒரு பிள்ளைக்குச் செயற்கை எலும்பு தேவைப்படுகிறது என்றால், அந்தக் காது அதற்கு முன் நான்கு இடங்களில் தவறவிடப்பட்டிருக்கிறது என்று பொருள்.

முதல் இடம், சளி. தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் படுக்கையாகவும் இருக்கும். சளி பிடித்தால் கிருமி எளிதாக ஏறிவிடும். நெருக்கடியான வீடு, விறகடுப்புப் புகை, சத்துக்குறைவு, கெட்ட தண்ணீர் இவையெல்லாம் நோயை வளர்க்கும் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொள்ளப்பட்ட உண்மை. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் தொகுப்பு வீடு யாருடையது? சாக்கடை ஓரமாகப் போகும் குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுடையது? ஊருக்குள் போய்ப் பார்த்துவிட்டு அப்படியே காலனிக்கு வந்து பாருங்கள். வித்தியாசத்தை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

இரண்டாம் இடம், சொட்டு மருந்து. சீழ் வடியும் காதைப் பஞ்சுத் திரியால் துடைத்து உலர்த்தி, ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து விடுவதுதான் முதல் சிகிச்சை. மலிவானது. துணை சுகாதார நிலையத்திலேயே தொடங்கக்கூடியது. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "வளந்தா சரியாப் போவும்", "கெட்ட நீரு வெளிய போவுது, அடைக்கக் கூடாது", கொஞ்சம் சூடான எண்ணெய், கொஞ்சம் பச்சிலைச் சாறு. இதற்காக நம் தாய்மார்களைக் குறை சொல்ல நாங்கள் தயாராக இல்லை. மருந்துச் சீட்டு வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டும் என்றால் எண்ணெய்தான் மருந்தாகும்.

மூன்றாம் இடம், பள்ளிக்கூடம். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டம் 2013இல் தொடங்கியது. அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் பிள்ளைகளைப் பரிசோதித்துக் கண்டறிய வேண்டிய நோய்களின் பட்டியலில் நடுக்காது அழற்சியும் இருக்கிறது, கேட்கும் திறன் குறைபாடும் இருக்கிறது. காது கேளாமைக்கென்றே தனியாக ஒரு தேசியத் திட்டம் 2006-07 முதல் இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. நாங்கள் பார்த்த அந்தப் பெண் பிள்ளை பதினொரு வருடம் சீழ் வடிந்த காதோடு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் போயிருக்கிறாள். அவளுக்குக் கிடைத்த பரிசோதனை முடிவு: "கவனமில்லாத பிள்ளை". அவளுக்குக் கிடைத்த சிகிச்சை: கடைசி பெஞ்ச்.

நான்காம் இடம், ஓட்டை. எலும்பு அரிபடுவதற்கு முன்பே வந்திருந்தால், காதுக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய சவ்வை எடுத்துச் செவிப்பறையில் ஒட்டியிருப்பார்கள். செயற்கை எலும்பே தேவைப்பட்டிருக்காது.

இந்த நான்கையும் தாண்டித்தான் நம் பிள்ளைகள் அறுவை அரங்குக்கு வந்து சேர்கிறார்கள். வந்த இடத்திலும் பாதி வேலைதான் நடக்கிறது.

"இதுல எங்கப்பா சாதி வந்துச்சு?"

இந்தக் கேள்வி வரும். நம் கல்லூரித் தோழர்களிடம் விடுதி அறையிலேயே வரும். "ஏழைங்க எல்லாச் சாதியிலயும் இருக்காங்க, சீழ் எல்லாருக்கும்தான் வடியுது."

எல்லாருக்கும் வடியலாம். யாருக்கு நிற்கிறது, யாருக்கு நிற்காமல் எலும்பு வரைக்கும் போகிறது என்பதுதான் கேள்வி. உலக சுகாதார நிறுவனம் இந்த நோய் மக்கள்தொகையில் 4 விழுக்காட்டைத் தாண்டினால் அதை அவசரமாகக் கையாள வேண்டிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று வகுத்தது. அந்த மிக உயர்ந்த பிரிவில் அது குறிப்பிட்ட இடங்களைக் கேளுங்கள்: தான்சானியா, சாலமன் தீவுகள், குவாம், கிரீன்லாந்து, ஆஸ்திரேலியாவின் பழங்குடிகள், இந்தியா. ஆஸ்திரேலியாவில் நாட்டைச் சொல்லவில்லை, பழங்குடிகளைச் சொன்னார்கள். வெள்ளையர் வாழும் சிட்னி அந்தப் பட்டியலில் இல்லை. நிலத்திலிருந்து துரத்தப்பட்டு ஒதுக்குப்புறத்தில் தள்ளப்பட்டவர்களின் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். இந்தியாவை மட்டும் மொத்தமாக "இந்தியா" என்று எழுதிவிட்டுப் போனார்கள். இந்தியாவுக்குள் எந்தத் தெரு என்று எழுதவில்லை. அந்தத் தெருவின் பெயரை நாம்தான் எழுத வேண்டும்.

கௌதம தர்மசூத்திரம், வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் உருக்கிய உலோகத்தையும் அரக்கையும் ஊற்றச் சொன்னது. ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று நாம் மேடைதோறும் எடுத்துக்காட்டும் வசனம் அதுதான். சூத்திரனுக்கே அது என்றால், அந்த வரிசைக்கும் வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு? இன்று யாரும் ஈயம் காய்ச்ச வேண்டியதில்லை. அடுப்பு மூட்டும் செலவுகூட இல்லை. வடியும் சீழை அப்படியே விட்டால் போதும். அதுவே அந்த வேலையைச் செய்துவிடும். பாடம் கேட்காது, ஆங்கிலம் கேட்காது, நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்காது. இட ஒதுக்கீடு கதவைத் திறந்து வைத்தாலும், கூப்பிடும் குரல் உள்ளே போகாது.

கண்ணெதிரே கல்லூரிகள்

புதுச்சேரியை மருத்துவக் கல்லூரிகளின் ஊர் என்று பெருமையாகச் சொல்வார்கள். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்தது ஜிப்மர். கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. தனியார் கல்லூரிகளில் சில எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: பிள்ளையார்குப்பமும் கிருமாம்பாக்கமும் பாகூர் கொம்யூன், அரியூர் வில்லியனூர் கொம்யூன். அதாவது நம் காலனிகளிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் அறுவை அரங்குகள் இருக்கின்றன, மைக்ரோஸ்கோப் இருக்கிறது, காது மூக்கு தொண்டை நிபுணர்கள் இருக்கிறார்கள். தூரம் இங்கே கிலோமீட்டரில் இல்லை.

பிறகு எதில் இருக்கிறது? நாங்கள் அந்த அக்காவோடு உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினோம். முதல் ஓ.பி. ஒரு நாள், ஆடியோகிராம் ஒரு நாள், ஸ்கேன் ஒரு நாள், ரத்தப் பரிசோதனையும் மயக்க மருந்துக்கான தகுதியும் ஒரு நாள், அப்புறம் அட்மிஷன், கூட இருக்க ஓர் ஆள். அறுவை முடிந்து காதில் வைத்த பஞ்சை எடுக்க ஒரு நாள், ஆறாவது வாரம் ஒரு நாள், மூன்றாவது மாதம் மறுபடி ஆடியோகிராம். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம், இரண்டு பேருக்கு பஸ், மதியச் சாப்பாடு. கம்பெனியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மாதம் நான்கு நாள் லீவு போட்டால் ஐந்தாம் நாள் வேலையே இருக்காது. இத்தனையும் கட்டி இழுத்துக்கொண்டு வந்த பிறகு, "எலும்பை வெளியில் வாங்கி வாருங்கள்" என்று ஒரு துண்டுச் சீட்டு.

அந்த எலும்பின் விலைக்கும் ஒரு கதை இருக்கிறது. இறக்குமதி டைட்டானியம் என்றால் பல ஆயிரம் ரூபாய். இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு விலை போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மூட்டு மாற்று எலும்புக்கும் போட்டது. அவசியமானதுதான், வரவேற்கிறோம். காதெலும்புக்கு அப்படி ஓர் உச்சவரம்பு வரவில்லை. மாரடைப்பும் மூட்டு வலியும் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் வரும். சீழ் வடியும் காது அவர்கள் வீட்டில் எலும்பு வரை போகாது. போகும் முன்பே டாக்டர் வந்துவிடுவார்.

காக்ளியர் இம்ப்ளான்ட் கதையும் உண்டு. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு லட்சக்கணக்கில் செலவாகும் அந்தக் கருவியை மத்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் திட்டம் போட்டுக் கொடுக்கின்றன. கொடுக்க வேண்டும். அந்தக் குழந்தைகளின் உரிமை அது. ஒரு உரிமையை இன்னொரு உரிமையோடு மோதவிடும் வேலையை நாங்கள் செய்ய மாட்டோம். ஆனால் அமைச்சர் குழந்தையைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்ள அந்த இம்ப்ளான்ட் உதவுகிறது. சீழ் வடியும் காதோடு யார் படம் எடுத்துக்கொள்வார்கள்? நாறும் நோய். கூட உட்கார்ந்த பிள்ளையே மூக்கைப் பொத்தும் நோய். தீண்டாமைக்குள் இன்னொரு தீண்டாமை.

சட்டத்தின் ஓட்டையும் சேர்ந்துகொள்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இரண்டு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் 'கேட்கும் திறன் குறைந்தவர்' என்றும், 70 டெசிபல் இழப்பு என்றால் 'காது கேளாதவர்' என்றும் வரையறுக்கிறது. எலும்புச் சங்கிலி அறுந்த காதின் இழப்பு பொதுவாக அதிகபட்சமே 60 டெசிபல் அளவில்தான் நிற்கும். நம் பிள்ளைக்கு 55ம் 40ம். சட்டத்தின் கண்ணுக்கு அவள் நன்றாகக் கேட்கிறாள். வகுப்பறையில் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று ஆசிரியர் பேசுவது கடைசி பெஞ்சில் அவளுக்குக் கேட்காது. சான்றிதழுக்குக் கேட்கும் காது, பாடத்துக்குக் கேட்காத காது. சலுகையும் கிடையாது, சிகிச்சையும் கிடையாது.

அவர்கள் சொல்லும் பதில்கள்

"முதலில் நோயை அகற்ற வேண்டும், கேட்கும் திறன் இரண்டாவதுதான்." மருத்துவமாக இது சரி, ஒப்புக்கொள்கிறோம். கொலஸ்டியேட்டோமா என்ற வகை நோய் எலும்பை அரித்துக்கொண்டே போய் முக நரம்பையும் மூளையையும் தொட்டுவிடும், உயிரையே எடுக்கும். முதல் அறுவையில் நோயை எடுத்துவிட்டு, ஆறு மாதம் ஒரு வருடம் கழித்துத் திரும்பத் திறந்து பார்த்து, நோய் இல்லை என்றால் அப்போது எலும்பு வைப்பது நல்ல மருத்துவர்கள் செய்யும் முறைதான். எங்கள் கேள்வி வேறு. அந்த இரண்டாம் கட்டம் யாருக்கு வருகிறது? தேதி எழுதித் தந்தீர்களா? வராத பிள்ளையைத் தேடினீர்களா? இரண்டாம் கட்டம் என்ற சொல், காசிருப்பவருக்குச் சிகிச்சைத் திட்டம். நம் பிள்ளைக்கு வழியனுப்பு.

"செயற்கை எலும்பு வைத்தாலும் எல்லாருக்கும் கேட்டுவிடாது." இதுவும் உண்மைதான். சில காதுகளில் எலும்பு நகர்ந்துவிடும், சிலவற்றில் வெளியே தள்ளிவிடும், குழாய் சரியாக வேலை செய்யாத காதில் பலன் குறையும். பலன் உறுதியில்லை என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் புரியும்படி சொல்லுங்கள். வைப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். உறுதியில்லை என்பதைக் காசுள்ள நோயாளியிடம் எச்சரிக்கையாகச் சொல்கிறீர்கள், நம்மிடம் மட்டும் மறுப்பாகச் சொல்கிறீர்கள்.

"காதுமெஷின் மாட்டிக்கொள்ளலாமே." மாட்டலாம், காய்ந்த காதில். சீழ் வடியும் காதை அடைத்து மெஷின் மாட்டினால் சீழ் அதிகமாகும். பேட்டரி செலவு, வியர்வை, உடைந்தால் மாற்ற வழி, கேலி எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைதான் சுமக்க வேண்டும். எலும்பு வைக்க முடியாத காதுக்கு மெஷின் ஒரு வழி. எலும்பு வாங்கக் காசில்லை என்பதற்காக மெஷின் ஒரு வழியாகக் கூடாது.

"டைட்டானியம்தான் வேண்டுமா?" இல்லை, அதையும் தெளிவாகச் சொல்கிறோம். பளபளப்பான இறக்குமதிச் சாமானுக்காக நாம் கொடி பிடிக்கவில்லை. நோயாளியின் சொந்தப் பட்டடை எலும்பில் மிச்சமிருப்பதையே செதுக்கி இடம் மாற்றி வைக்கலாம். நோய் படிந்த எலும்பு என்றால் அது கூடாது, அப்போது குருத்தெலும்பை வைத்துப் பார்க்கலாம். விலை குறைந்த டெஃப்லான் எலும்புகளும் இருக்கின்றன. ஆகவே கையில் காசில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்தக் காதையும் மூடிவிட வேண்டிய கட்டாயம் இல்லை. எதை வைப்பது என்பதைக் காதின் நிலை முடிவு செய்யட்டும். அப்பா அம்மாவின் சட்டைப்பையும் சுருக்குப்பையும் முடிவு செய்யக் கூடாது. இதுதான் நம் கோரிக்கையின் சாரம்.

நாம் என்ன செய்தோம்?

மற்றவர்களைக் கேட்டாகிவிட்டது. நம்மையும் கேட்டுக்கொள்வோம். சுடுகாட்டுப் பாதைக்குப் போராடினோம், சிலை உடைப்புக்கு மறியல் செய்தோம், பஞ்சமி நிலத்துக்கு மனு கொடுத்தோம். எல்லாம் தேவை, இனியும் தேவை. ஆனால் காலனிப் பிள்ளையின் காதிலிருந்து சீழ் வடிவதை நாமும் இயற்கை என்றுதான் பார்த்துப் பழகியிருக்கிறோம். கூட்டத்துக்கு வந்து முன்னால் உட்காராமல் பின்னால் நிற்கும் பையனை "செவுட்டுப் பய" என்று கூப்பிட்டவர்கள் நம்மிலும் உண்டு. உடம்பு தனிப்பட்ட விஷயம், அரசியல் தனி விஷயம் என்ற பிரிவை யார் சொல்லிக் கொடுத்தார்கள் நமக்கு? தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக மகாத் குளத்தில் இறங்கியவரின் பிள்ளைகள் நாம். தண்ணீரும் உடம்பும் அங்கேயே அரசியலாகிவிட்டன.

வேலைகள் இருக்கின்றன. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. அரசு மருத்துவமனைகளில் தையல் நூல் எப்படி அறுவை அரங்கிலேயே இருக்கிறதோ, அப்படி நடுக்காது எலும்புகளும் இருப்பில் இருக்க வேண்டும். நோயாளி கையில் துண்டுச் சீட்டு கொடுக்கும் பழக்கம் நிற்க வேண்டும். நிதி இல்லை என்றால், பட்டியலின மக்களுக்கென்று ஒதுக்கும் சிறப்புக்கூறு நிதி எதற்கு இருக்கிறது? ஒவ்வோர் ஆண்டும் அந்த நிதி எங்கே போகிறது என்று கேட்கும் நாம், இந்த முறை அது எங்கே போக வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்வோம்.

இரண்டு. அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஆடியோகிராம், எலும்புகளின் நிலை என்ன, என்ன வைக்கப்பட்டது, வைக்கவில்லை என்றால் ஏன், இரண்டாம் கட்டம் எந்த மாதம் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதப்பட வேண்டும். மருத்துவப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. கேட்கும் பழக்கத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

மூன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை நடுக்காது அறுவைகள், அதில் எத்தனை பேருக்கு எலும்புச் சங்கிலி கட்டப்பட்டது, எத்தனை பேர் எலும்பை வெளியில் வாங்கினார்கள், எத்தனை பேர் இரண்டாம் கட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள், கொம்யூன் வாரியாக, சாதி வாரியாக. முப்பது நாளில் பதில் தர வேண்டும். "அப்படிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை" என்று பதில் வந்தால் அதையே துண்டறிக்கையாக அச்சடியுங்கள். அதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் கிடையாது.

நான்கு. உங்கள் காலனியில் மாலைப் பாட வகுப்பு நடத்துகிறீர்களா? முதல் நாளே காதைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வடியும் பிள்ளை யார், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை யார் என்று பட்டியல் எடுங்கள். பட்டியலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம், ஊக்கு விட்டுக் குடைய வேண்டாம், குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லுங்கள். சிகிச்சை கிடைக்கும் வரை அந்தப் பிள்ளைக்கு முதல் பெஞ்ச் வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். இதற்கு எந்த நிதியும் தேவையில்லை.

ஐந்து. ஏம்பலமும் ஊசுடும் தனித்தொகுதிகள். அங்கே கைகூப்பி வாக்குக் கேட்டு வருபவர்களிடம் குடிநீர்க் குழாய், சாக்கடை, வீடு இவற்றோடு சேர்த்து இந்தக் காதெலும்பையும் கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள். இரண்டாம் முறை குறித்துக்கொள்வார்கள்.

அந்தப் பெண் பிள்ளையிடம் கிளம்பும்போது என்ன ஆக வேண்டும் என்று கேட்டோம். எதிரே குனிந்து, உதடு தெரியும்படி நிதானமாகத்தான் கேட்டோம். நர்ஸ் என்றாள். காரணம் கேட்டோம். "ஆஸ்பத்திரியில என் பேரக் கூப்டாங்க அண்ணா. எனக்குக் கேக்கல. அடுத்த ஆள உள்ள விட்டுட்டாங்க. நான் நர்ஸா இருந்தா எழுந்து போயி கூட்டிட்டு வருவேன்."

அவளுக்கு இரண்டாம் கட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது. தேதி வாங்கும் வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் காலனியில் இருக்கும் பிள்ளையின் தேதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெய் பீம்!